வெளியே பூட்டிய வீட்டில் கிறிஸ்துமஸ்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எந்தச் செய்தியும் முதலில் என் காதுக்கு வந்து, கொஞ்சம் கைகால் முளைத்த பிறகுதான் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போகும். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலையைவிட இந்த வேலையைத்தான் நான் ஒழுங்காகப் பார்க்கிறேன் என்பது மேனேஜரின் குறை. ஸ்டெல்லா மிசி இறந்த செய்தி மட்டும் எனக்குக் கடைசியாக வந்தது. கம்போங் ராஜா டவுனில் உர லோரிக்காகக் காத்திருந்தபோது அவர் மகள் ஜெனி அழைத்தாள். "அங்கிள், அம்மா காலையில தவறிட்டாங்க. லைன்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன். உங்ககிட்டதான் சொல்ல வாய் வரல." லோரி வந்து நின்றதையும் ஓட்டுநர் திட்டியதையும் நான் கவனிக்கவில்லை.

தோட்டத்து கிளினிக்கின் நர்ஸ் என்பதால் அவர் எல்லோருக்கும் மிசி. கணவர் போன பிறகு இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தார். வளர்த்தார் என்று நாம் சொல்கிறோம்; அதற்கு நேரம் எங்கே கிடைத்தது? சோற்றில் கை வைக்கும்போதுதான் யாராவது கதவைத் தட்டுவார்கள். தேள் கடி, பிரசவ வலி, புருஷன் பொண்டாட்டி சண்டையில் உடைந்த மண்டை. ஒருநாளும் அவர் முகம் சுளித்ததில்லை. என்னைக் கண்டால் மட்டும், "கிராணி, வாய்க்குப் போடுற கட்டு இன்னும் ஸ்டோருக்கு வரல லா" என்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு டிசம்பரில் என்னிடம் பூட்டும் சாவியும் கொடுத்தார். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரன் நான். "கிறிஸ்மஸ் அன்னிக்கு வெளிய பூட்டிடுங்க தம்பி. கேட்டா ஊருக்குப் போயிட்டோம்னு சொல்லுங்க. வருஷம் முழுக்க லைனுக்கு, இந்த ஒரு நாள் என் புள்ளைங்களுக்கு." பெருநாள் என்றால் வாசலைத் திறந்து ஊரையே கூப்பிடும் நாடு இது. அந்த விருந்தை அவர் புத்தாண்டு அன்று வைத்துக்கொள்வார்.

"ஏன் மிசி, தோட்டத்திலேயே பெரிய ஓட்டை வாய் என்னுது. என்கிட்ட போய்?"

"வம்பு பேசுறவங்க சொன்னாத்தான் லைன் நம்பும்."

பதினோரு வருஷம் காவல் காத்தேன். அவர் காரைத் தொழிற்சாலைக் கொட்டகையில் ஒளித்துவிட்டு, வருகிறவர்களிடம் ஈப்போ என்றேன், பினாங்கு என்றேன். ஒரு வருஷம் உற்சாகத்தில் லண்டனுக்கே அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை அவர் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாவது வருஷம். ஜெனி நர்சிங் படிக்கக் கடல் தாண்டிக் கூச்சிங் போக ஒரு வாரமே இருந்தது. ஜன்னல் வழியாக மிசி நீட்டிய கோழிக்கறியையும் கேக்கையும் நான் காவல்காரனுக்குரிய கடமையுணர்ச்சியோடு முடித்தேன். நண்பகலில் நெஞ்சை அடைத்தது. வியர்த்தது. செத்தேன் என்று முடிவு செய்து, பூட்டைத் திறந்தேன். உள்ளே மேசையில் மூன்று தட்டுகள். ஜெனி அப்போதுதான் சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மிசி உடனே ஓடிப்போய்க் கொட்டகையிலிருந்து காரைக் கொண்டுவந்தார். என்னை அதில் ஏற்றினார். விடுமுறைக் கூட்டம், வழியில் திரிங்காப் ஊரைத் தாண்டுவதற்குள் பொழுது பாதி போயிற்று. ஆஸ்பத்திரியில் எல்லாம் சோதித்துவிட்டு, வாயு என்றார்கள். திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. பிள்ளைகள் சாப்பிடாமல் சோபாவில் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "காத்துதானே தம்பி, நல்லதாப் போச்சு. போய்ப் படுங்க" என்றார். உள்ளே போகாமல், தூங்கும் பிள்ளைகளைப் பார்த்தபடி வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். அதற்குப் பிறகு ஜெனிக்கு டிசம்பரில் விடுப்பே கிடைக்கவில்லை. மூவரும் ஒன்றாக இருந்த கடைசி கிறிஸ்துமஸ் அதுதான்.

அடக்கத்தன்று, மனசு தாங்காமல், கொழுந்து வெட்டும் முனியம்மாவிடம் உண்மையை உளறினேன். "மிசி எந்த ஊருக்கும் போகலம்மா. வீட்டுக்குள்ளதான் இருந்தாங்க. இத்தனை வருஷம் உங்களை எல்லாம் ஏமாத்திட்டேன்."

முனியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு, நீங்களா? ஜெனி சிரிப்பு லைன் கோடி வரைக்கும் கேக்கும், கிராணி. லண்டன்னு சொன்னீங்களே, அன்னிக்கு நான் சுடுதண்ணி கொட்டுன காலோட வந்து நின்னேன். நீங்க காலைப் பாக்கவே இல்ல, பொய் சொல்றதிலேயே குறியா இருந்தீங்க. உள்ள கேரம் காய் சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் போயிட்டேன்."

"ஒரு சத்தம் போட்டிருக்கலாமே?"

"விடிஞ்சா வந்துருவாங்கன்னு தெரியும்ல. அவங்களுக்கு ஒரு நாளுதானே லா."

லைன் முழுக்க அப்படித்தான் இருந்திருக்கிறது. பல்வலிக்காரர், காய்ச்சல்காரர் எல்லோரும் விடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். ஒரு ஏப்பத்துக்குக் காத்திருக்க முடியாதவன் நான் ஒருவன்தான்.

மிசியைப் பற்றி எல்லோரிடமும் ஏதாவது இருக்கும்: அவர் கையால் பிறந்த பிள்ளை, அவர் தைத்த தழும்பு. என்னிடம் இருப்பது, ஜெனிக்கும் அவள் தம்பிக்கும் சேர வேண்டிய ஒரு மதியம். அது முழுவதும் நெரிசலில் நகராத காரில், என் நாடியைப் பிடித்தபடி, அவர் என் பக்கத்தில் இருந்தார்.