ஆறுதலாக எழுதியது

என் கையெழுத்துக்கும் பிழைகளுக்கும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. சான்டா கிளாராவில் ஓட்டல் சமையல்காரனாக இருக்கிறேன். ஃப்ரீசரில் இருக்கும் டப்பாக்கள் மேல் டேப் ஒட்டி 'சாம்பார், வியாழன்' என்று எழுதுவதைத் தவிர எனக்கு எழுத்து வேலை கிடையாது. சின்ன 'ர' எங்கே வரும், பெரிய 'ற' எங்கே வரும் என்பது இன்றும் குழப்பம்தான். தமிழ்ச் சங்க மலருக்காக இதைத் திருத்தி டைப் செய்யப்போகிறவரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

போன வருஷம் கனடாவிலிருந்து ஒரு எழுத்தாளர் வந்திருந்தார். கவிதையும் நாவலும் எழுதுகிற யாழ்ப்பாணத்து அம்மாள், அறுபதைத் தாண்டியவர். லிவர்மோரில் ஒரு ஹாலில் கூட்டம், சாப்பாடு எங்கள் ஓட்டலிலிருந்து. மலையைத் தாண்டி வேனை ஓட்டிப்போய்ப் பாத்திரங்களை இறக்கி வைத்ததிலேயே என் முட்டி விட்டுப்போனது. மேடையில் பிள்ளைகளின் நடனம் முடிகிற மாதிரித் தெரியவில்லை. அவர் மெல்ல எழுந்து சமையலறைப் பக்கம் வந்து, கவிழ்த்துப் போட்டிருந்த பால் கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இதிலை கொஞ்சம் இருக்கட்டே தம்பி? அங்கை ஒரே சத்தம்."

"உக்காருங்க மேடம். சாப்பிடுறீங்களா?"

"மேடம் வேண்டாம். அக்கா எண்டு சொல்லுங்கோ."

சோறும் புளிக்குழம்பும் வைத்தேன். இரண்டாவது கரண்டி போட்டபோது "காணும், காணும்" என்றார். எதையோ எடுத்து வர மறந்துவிட்டேன் என்று மேசையெல்லாம் தேடினேன்.

"என்னக்கா காணோம்? அப்பளமா?"

அவர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. "போதும் எண்டுறதைத்தான் நாங்கள் காணும் எண்டுவம், தம்பி."

நான் யாரிடமும் போய்ப் பேசுகிறவன் இல்லை. ஆள் வந்தால் அடுப்பைப் பார்த்து நின்றுகொள்வேன். அன்றைக்கு அந்தச் சிரிப்பில் கூச்சம் கொஞ்சம் விட்டது. எப்போதிருந்து எழுதுகிறீர்கள் என்று கேட்டேன்.

"கனடாவுக்கு வந்த புதுசிலை பிளாஸ்டிக் ஃபேக்டரியிலை வேலை. சாப்பாட்டு நேரத்திலை கவிதை எழுதுவன். முதல் புத்தகத்தை மெட்ராசிலை அடிச்சு, கப்பலிலை எடுப்பிச்சன். பாதி நனைஞ்சு போச்சுது. நனையாத பாதி இப்பவும் வீட்டு பேஸ்மென்டிலை கிடக்குது."

நாவலுக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனதாம். முதலில் அவசரப்பட்டு எழுதியது முழுக்கப் பொய்யாக இருந்ததாம். தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கியிருக்கிறார். பிறகு அது இங்கிலீஷில் வந்து, பரிசு கிடைத்து, அதன் பிறகுதான் சொந்தக்காரர்களே இவர் எழுதுகிறவர் என்று நம்பினார்களாம்.

"இப்ப எழுதுறது குறைவு, பிளேன் ஏறுறதுதான் கூட. நியூ ஜெர்சியிலை குத்துவிளக்கு ஏத்த விட்டவை. டெக்சஸிலை கோலப் போட்டிக்கு நடுவரா இருத்தினவை. இஞ்சை சாப்பாடாவது நல்லாயிருக்கு."

"அடுத்த புத்தகம் எப்பக்கா?"

"தெரியேல்லை. களைச்சுப் போனன், தம்பி."

புத்தகம் எழுதுவது எப்படியென்று எனக்குத் தெரியாது. களைப்பு தெரியும். அதனால்தான் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"எங்கண்ணன் செத்து ரெண்டு மாசம் ஆச்சுக்கா. கிரீன் கார்டு அப்ளை பண்ணிருக்கு, இப்ப வெளிய போனா திரும்ப வர முடியாது. எடுத்துப் போடக்கூட நான் போகல. அவரப் பத்தி ஏதாச்சும் எழுதியாவது வைக்கணும்னு தோணுது. நமக்கு அந்த அளவுக்குப் படிப்பு இல்ல."

அவர் தட்டைக் கீழே வைத்தார். "எழுதுங்கோ தம்பி. ஆறுதலா எழுதுங்கோ" என்றார். அதற்குள் மேடையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். அவர் கவிதை வாசித்தபோது பாதிப் பேர் சாப்பாட்டு வரிசையில் நின்றார்கள். நான் கரண்டியும் கையுமாக அந்த வரிசைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

ஆறுதலாக எழுத வேண்டும். அதாவது மனதுக்கு ஆறுதல் தருகிற மாதிரி. அப்படித்தான் எனக்குப் புரிந்தது. லீவு நாட்களில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். 'அண்ணன் தங்கமானவர். என்னைத் தாய் போல வளர்த்தவர்.' அதோடு பேனா நின்றுவிடும். ஊர்ச் சுவர்களில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரியே இருந்தது. என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தித் தன் பரோட்டாக் கடையில் எச்சில் இலை எடுக்க விட்டவர் அவர்தான். அதை விட்டுவிட்டால் அது அண்ணன் இல்லை. எழுதினால் ஆறுதல் இல்லை. கிழித்துக் கிழித்துப் போட்டு வருஷம் ஓடிவிட்டது. சாவுக்கும் போகவில்லை, இதையும் செய்ய முடியவில்லை என்று கடைசியில் விட்டேவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் ஓட்டலில் கூட்டம். வாராவாரம் பார்சல் வாங்க வரும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் கவுன்டரில் நின்றார். பரோட்டா கொஞ்சம் லேட்டாகும் என்று எட்டிப் பார்த்துச் சொன்னேன்.

"அவசரமில்லை. ஆறுதலாத் தாங்கோ."

எனக்குக் கல்லின் முன்னால் கை நின்றுவிட்டது. "பரோட்டாவ எப்படிக்கா ஆறுதலாத் தர்றது?"

"மெதுவாத் தாங்கோ எண்டு சொன்னன். நீங்கள் என்ன நினைச்சியள்?"

"நான் வேற நெனச்சுட்டேன்கா."

"ஒரு பரோட்டாவுக்கு இவ்வளவு யோசனையே?" என்று சிரித்தார்.

பரோட்டா ஒரு பக்கம் கருகிவிட்டது. பத்து வருஷத்துக்கு மேல் ஒரு நாவலோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் என்னை நல்லதாக எழுதச் சொல்லவில்லை. அவசரப்படாதே என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார்.

இன்று எனக்கு லீவு. காலையில் உட்கார்ந்தவன் மத்தியானம் வரைக்கும் எழுதியிருக்கிறேன். முதுகு வலிக்கிறது. அண்ணனைப் பற்றி வந்தது இவ்வளவுதான்.

கடைக்குப் பலகை எழுத அண்ணன் என் கையில் பெயின்ட்டைக் கொடுத்தார். நான் பெரிய 'ற' போட்டுப் 'பறோட்டா' என்று எழுதிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்கள் முன்னால் என்னைக் கன்னத்தில் அறைந்தார். மறுநாள் ஒருவர் பலகையைப் பார்த்துச் சிரித்தபோது, "என் தம்பி எழுதுனது. தின்னுட்டுப் போய்யா" என்றார். கடையை மூடும்வரை அந்தப் பலகையை அவர் மாற்றவே இல்லை.

தேதி போடுவது மட்டும் எனக்குப் பழகிய எழுத்து.

செவ்வாய்க்கிழமை, 12 நவம்பர் 2024.