மரியோ இறங்காத ஆட்டம்

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போதே மரியோவின் காலுக்குப் பொருந்துகிற சப்பாத்து ரெக்ஸ்டேல் கடைகளில் கிடைக்காமல் போய்விட்டது. தாய் ஜோசப்பின் அவனைக் கூட்டிக்கொண்டு பஸ் மாறி பஸ் ஏறி ரொறன்ரோ முழுக்க அலைந்தாள். "உவனுக்கு என்னத்தை அரைச்சுக் குடுக்கிறாய்?" என்று பூசை முடிந்து வெளியே வரும்போதெல்லாம் பேபி அன்ரி கேட்பார். ஜோசப்பின் சிரித்துச் சமாளிப்பாள். எல்லா வீட்டிலும் கொடுக்கிற புட்டும் மீன்குழம்பும்தான் கொடுத்தாள். பிள்ளை பனைமரம் மாதிரி வளர்ந்தால் அவள் என்ன செய்வாள்?

அந்த உடம்பைப் பார்த்த பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர் அவனை அமெரிக்கன் புட்போல் அணியில் சேர்த்துக்கொண்டார். தகப்பன் அருள்நாயகத்துக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. "கையாலை தூக்கிக்கொண்டு ஓடுறாங்கள். உதுக்கு என்னத்துக்கு புட்போல் எண்டு பேர்?" என்று எரிச்சல்பட்டார். மரியோவின் வேலை இன்னும் விசித்திரமானது. பந்தை எறிகிறவனை யாரும் பக்கவாட்டில் வந்து விழுத்திவிடாமல் சுவர்போல நின்று மறிக்க வேண்டும். பந்து அவன் கைக்கு வருவதே இல்லை. முழு ஆட்டமும் இன்னொருவனுக்காக அடி வாங்குகிற வேலை என்றுதான் ஜோசப்பினுக்குத் தோன்றியது.

அவள் பத்தொன்பது வயதில் ஊரிலிருந்து கனடாவுக்குத் தனியாக வந்து இறங்கியவள். ரொறன்ரோவின் பார்க்டேலில் அண்ணன் வாடகைக்கு இருந்த அறையில் ஒரு மூலையில் படுத்து, கிடைத்த வேலையெல்லாம் செய்து, படித்து, முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர் ஆனாள். அருள்நாயகத்தைக் கட்டியதும் பார்க்டேலில்தான். இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகுதான் ரெக்ஸ்டேலுக்கு வந்தார்கள். மரியோ மூத்தவன், ஸ்டெபனி இளையவள். வீட்டில் பெரிய குறை ஒன்றும் இல்லாமல்தான் நாட்கள் போயின, அந்தச் சனிக்கிழமை வரும்வரை.

அருள்நாயகம் ஒரு பெரிய பண்டகசாலையில் வேலை செய்தார். கூட வேலை செய்தவன் ஒருவனுடைய பிள்ளைக்கு ஞானஸ்நானம். தனக்குப் பதிலாக அன்றைக்கு வேலைக்கு நிற்கச் சொல்லிக் கேட்டான். அருள்நாயகம் ஓமென்று போனார். உயரத் தட்டிலிருந்த பெட்டிகள் சரிந்து அவர் முதுகில் விழுந்தன. இரண்டு சத்திரசிகிச்சை செய்தும் அவரால் தொடர்ந்து இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அந்தக் கூட்டாளி முதலில் அடிக்கடி வந்து பார்த்தான். பிறகு ஒஷாவாவுக்கு வீடு மாறிப்போனான். அதற்குப் பிறகு வரவில்லை. அருள்நாயகம் அவனைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. ஜோசப்பினும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் மனதுக்குள் அவள் அவனை மன்னிக்கவே இல்லை.

வேலை போன பிறகு அருள்நாயகத்துக்கு மகனின் ஆட்டம்தான் உலகம் என்றானது. மரியோவுக்கு அமெரிக்காவில், தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில், விளையாட்டுக்காகவே இடம் கிடைத்தது. சனிக்கிழமைகளில் அருள்நாயகம் முதுகுக்குத் தலையணை கொடுத்துத் தொலைக்காட்சிக்கு முன்னால் சாய்ந்துகொள்வார். விதிகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடமாயின. அந்த அணியில் யார் எந்த இடத்தில் நிற்பான், யாருக்குத் தோள் சுகமில்லை என்பதெல்லாம் கேட்டவுடன் சொல்வார்.

மரியோவோடு கேலப் என்றொரு பொடியன் இருந்தான். இரண்டு வயது இளையவன், அதே இடத்தில் ஆட அவனுக்குக் கீழே பழகுகிறவன். ஒரு கோடையில் மரியோ அவனை ரெக்ஸ்டேலுக்குக் கூட்டிவந்தான். ஒரு கிழமை நின்றான். இடியப்பத்தைக் கையால் பிசைந்து சாப்பிடப் பழகினான். ஜோசப்பினை 'அம்மா' என்றே கூப்பிட்டான், அது அவளுடைய பெயர் என்று நினைத்து.

நாலாம் வருடம் அணி நன்றாக ஆடியது. அப்படி ஆடுகிற அணிகளுக்கு மார்கழி கடைசியில் ஒரு மேலதிக ஆட்டம் கிடைக்கும். பௌல் ஆட்டம் என்பார்கள். அந்த வருடம் அது புளோரிடாவில். மகன் அங்கே ஆடுவதை நேரில் ஒருதரமேனும் பார்த்துவிட வேண்டும் என்று அருள்நாயகம் டொக்டரிடம் கேட்டு, விமானத்தில் இருக்கப் பழகவென்று வீட்டுக் கதிரையில் நேரம் பார்த்து இருந்து பழகினார். பயணத்துக்கு எல்லாம் ஒழுங்காயிற்று.

அப்போதுதான் மரியோவின் அழைப்பு வந்தது. ஜோசப்பின் முதியோர் இல்லத்தில் தேநீர் இடைவேளையில் இருந்தாள்.

"அம்மா, அப்பா பக்கத்திலை நிக்கிறாரோ?"

"இல்லை மோனை, நான் வேலையிலை. என்ன, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"எனக்குக் கழகம் பாக்கிற ஏஜென்ற் பௌல் ஆட்டம் விளையாட வேண்டாமாம். ஏப்ரல்லை ட்ராஃப்ட். பெரிய கழகங்கள் சம்பளத்துக்கு ஆள் எடுக்கிற நேரம். இப்ப முழங்கால் போனா எல்லாம் போச்செண்டு சொல்லுறார். கனபேர் இப்ப அப்பிடித்தான் செய்யினமாம்."

"நீ என்ன சொல்லுறாய்?"

"ஐ வாண்ட் டு பிளே, அம்மா. நாலு வருசம் கூட நிண்ட பொடியள். இது எங்கடை கடைசி ஆட்டம்."

ஜோசப்பின் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். சக்கர நாற்காலிகளில் வரிசையாக ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். உடைந்த உடம்பைத் தூக்கி, திருப்பி, கழுவித் துடைக்கிறதுதான் அவளுடைய தொழில். வீட்டுக்குப் போனாலும் அதுதான்.

"உன்ரை அப்பாவைப் பார் மோனை," என்றாள். "ஆரோ ஒருத்தனுக்காக ஒரே ஒரு சனிக்கிழமை போனவர். அவன் இப்ப எங்கை? அப்பா எப்பிடிக் கிடக்கிறார்?"

"அது வேற, அம்மா."

"என்ன வேற? உன்ரை கால் முறிஞ்சா அந்தக் கோச் வந்து பாப்பாரோ? கூட நிண்ட பொடியள் வந்து பாப்பாங்களோ? நான்தான் பாக்க வேணும். இறங்காதை ராசா. அம்மா கேக்கிறன்."

 "ஓகே," என்றான் மரியோ. சின்ன வயதில் ஊசி போடக் கையை நீட்டும்போது வருகிற குரல்.

"நான் சொன்னதெண்டு அப்பாவுக்குச் சொல்லாதை. ஏஜென்ற் சொன்னதெண்டு சொல்லு."

அன்று பின்னேரம் வேலை முடிந்து வரும்போது அவளுக்கு உடம்பே லேசாக இருந்தது. பிள்ளையை ஒரு ரோட்டு விபத்திலிருந்து இழுத்து எடுத்த மாதிரி.

மகன் சொன்னதைக் கேட்ட அருள்நாயகம் சத்தம் போடவில்லை. தொலைபேசியை ஸ்டெபனியின் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்ப் படுத்தார். மரியோ ஆடமாட்டான் என்ற செய்தி வெளியானதும் முகம் தெரியாதவர்கள் இணையத்தில் அவனைச் சுயநலக்காரன் என்றும் ஓடுகாலி என்றும் எழுதினார்கள். கிறிஸ்து பிறப்பு நத்தார் பூசை முடிய ஆட்கள் அருள்நாயகத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். "மகனுக்குக் காயமோ அண்ணை?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள்.

"காயமில்லை. எதிர்காலத்தைப் பாக்கிறான்," என்றார் அருள்நாயகம். யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிக்கிற மாதிரி இருந்தது.

"அப்ப புளோரிடா போகத் தேவையில்லைத்தானே, அப்பா?" என்று ஸ்டெபனி கேட்டாள்.

"நான் போவன். அந்த ரீமிலை எனக்கு எல்லாப் பொடியளையும் தெரியும். அவன் ஆடாட்டி, ஆடுற பிள்ளையளைப் பாக்கிறன்."

அருள்நாயகமும் ஜோசப்பினும் போனார்கள். விளையாட்டரங்கில் வீரர்களின் குடும்பங்களுக்கென்று ஒரு பகுதி இருந்தது. மத்தியான வெயில் அடித்தது. ரொறன்ரோவிலிருந்து போட்டுவந்த ஜக்கெற்றுகளை மடித்து அருள்நாயகத்தின் முதுகுக்கு வைத்தாள் ஜோசப்பின். கீழே மரியோ சாதாரண உடுப்பில், மைதானத்து ஓரத்தில் கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றான். அவனுடைய இடத்தில் கேலப் இறங்கப் போகிறான் என்று அருள்நாயகம் சொன்னார்.

இரண்டு வரிசை முன்னாலிருந்த ஒரு பெண் திரும்பி எழுந்து அவர்களிடம் வந்தாள். கேலப்பின் தாய் ரெனே. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் என்று மரியோ சொல்லியிருந்தான். மகனின் எண் போட்ட சட்டையை அணிந்திருந்தாள். ஜோசப்பினின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"உங்கள் மகனுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "அவன் வழிவிட்டதால்தான் என் பிள்ளைக்கு இந்த இடம் கிடைத்தது. நாங்கள் பதினொரு பேர் ஒன்றாக வந்திருக்கிறோம்."

ஜோசப்பின் தலையாட்டினாள். 

முதல் பாதி நல்லபடியாகப் போயிற்று. கேலப் ஒவ்வொரு முறை மறித்து நின்றபோதும் ரெனேயின் ஆட்கள் எழும்பிக் கத்தினார்கள். அருள்நாயகமும் கத்தினார். இடைவேளைக்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் ஒரு குவியலாக ஆட்கள் விழுந்தார்கள். எல்லோரும் எழும்பினார்கள், கேலப்பைத் தவிர. அவனுடைய கால் மடியக்கூடாத பக்கம் மடிந்து கிடந்தது. முதியோர் இல்லத்தில் எத்தனையோ கால்களைப் பார்த்த ஜோசப்பினுக்கு அங்கிருந்தே தெரிந்துவிட்டது, அது இனிப் பழைய கால் ஆகாது என்று.

 மரியோ ஓரத்திலிருந்து ஓடிவந்து கேலப்பின் தலைமாட்டில் மண்டியிட்டான். ரெனே படிகளில் இறங்கி ஓடினாள். ஜோசப்பினும் எழுந்து அவளுக்குப் பின்னால் போனாள். கீழே வாசலில் நின்ற காவலாளி கையை நீட்டி மறித்தான்.

"குடும்பத்தார் மட்டும்தான், அம்மணி. நீங்கள் பிள்ளைக்கு என்ன முறை?"

ஜோசப்பின் படியிலேயே நின்றுவிட்டாள். ரெனே திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் விமான நிலையத்தில், அருள்நாயகம் இருக்க முடியாமல் கண்ணாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மரியோ காலையில் தொலைபேசி எடுத்து அழுதிருந்தான். 'அது என்ரை இடம் அம்மா, என்ரை இடம்' என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். ட்ராஃப்டுக்கான பயிற்சிக்குப் போகமாட்டேன் என்றான். ஜோசப்பின் கணவனின் பக்கத்தில் போய் நின்றாள்.

"இஞ்சேருங்கோ. ஏஜென்ற் சொல்லி அவன் நிக்கேல்லை. நான்தான் இறங்காமல் நிக்கச் சொன்னனான்."

"எனக்குத் தெரியும்," என்றார். "அவன் தன்ரை பாட்டிலை அப்பிடி நிக்கிற ஆள் இல்லை."

"உங்களைச் சொல்லித்தான் அவனை நிப்பாட்டினன். அந்தச் சனிக்கிழமையைச் சொல்லி."

அருள்நாயகம் அவள் பக்கம் திரும்பினார். முதுகு ஒத்துழைக்காமல் முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது.

"அண்டைக்கு நான் போனது பிழையெண்டோ நீர் இவ்வளவு காலமும் நினைச்சனீர்?"

"ஓம்."

"அவன் கேட்டான், நான் போனன். பெட்டி விழுமெண்டு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வலிக்குது, ஓம். ஆனா ஒருநாளும் வெக்கப்படேல்லை ஜோசி. நீர் அதை எடுத்துப் பிள்ளைக்குப் பயங்காட்டியிருக்கிறீர்."

"அப்ப அவன் இறங்கி அந்தக் கால் அவன்ரை காலா இருந்திருந்தா?"

அருள்நாயகம் மறுபடியும் கண்ணாடிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.  ரொறன்ரோ வரும்வரை இருவரும் பேசவில்லை. வந்த பிறகும் பல நாட்கள் வேண்டிய சொற்கள் மட்டும் பேசினார்கள். முதுகுக்கு மருந்து பூசிவிடும்போதுகூட அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மரியோ பயிற்சிக்குப் போனான். தகப்பன்தான் பேசி அனுப்பினார். "நிண்டது நிண்டாச்சு. இனி நீ போகாட்டி அந்தப் பொடியன்ரை கால் நேராகப் போறேல்லை," என்றார். ஏப்ரலில் ட்ராஃப்டின் கடைசி நாளில், எல்லோரும் எதிர்பார்த்ததற்கு வெகு பிந்தி, ஒரு கழகம் அவனை எடுத்தது. வீடு நிறைந்த ஆட்கள் துள்ளினார்கள். பேபி அன்ரி கேக் வெட்டினார். அருள்நாயகம் மகனைக் கட்டிப்பிடித்தார். ஜோசப்பினும் சிரித்தாள். தொலைக்காட்சியில் மகனின் பெயரைக் கண்டபோது அவளுக்கு ரெனேயின் கைகளின் சூடு நினைவு வந்தது. ரெனேயின் இலக்கத்தை மரியோவிடம் வாங்கி வைத்திருந்தாள். பலமுறை எடுக்கப் போனாள். மன்னிப்புக் கேட்டால் மகனைக் குற்றவாளி ஆக்குவது போலவும், கேட்காவிட்டால் தான் கல்நெஞ்சுக்காரி போலவும் தோன்றி, கைபேசியை வைத்துவிடுவாள்.

ஆவணியில், முதியோர் இல்லத்தின் பின்பக்க வாகனத் தரிப்பிடத்தில் அவள் நின்றபோது, எடுக்காமல் வைத்திருந்த அந்த இலக்கத்திலிருந்தே அழைப்பு வந்தது. ரெனே.

"கேலப் பல்கலைக்கழகத்தை விட்டு வந்துவிட்டான்," என்றாள் அவள், விசாரிப்பு ஏதுமில்லாமல். "படிப்பைத் தொடரலாம், உதவித்தொகை நிற்காது என்றுதான் சொன்னார்கள். அவன்தான் அங்கே இருக்கமாட்டேன் என்றான். மாடியறையில் படுத்தே கிடக்கிறான். உங்கள் மகன் ஒவ்வொரு ஞாயிறும் எடுக்கிறான். இவன் சிலசமயம் பேசுகிறான், சிலசமயம் பேசுவதில்லை."

மரியோ எடுப்பது ஜோசப்பினுக்குத் தெரியாது.

"ரெனே, அவனை ஆடவேண்டாமென்று சொன்னது நான்தான்," என்றாள். ஆங்கிலம் தடுமாறியது. "நான் பயந்தேன்."



"நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்," என்றாள் ரெனே. "ஆனால் பரவாயில்லை என்று என் வாயால் சொல்ல வராது. அதைக் கேட்காதீர்கள்."

"கேட்கமாட்டேன்."

"இங்கே எல்லோரும் அவன் எப்போது திரும்ப ஆடுவான் என்றே கேட்கிறார்கள். அவன் ஆடமாட்டான் என்று தெரிந்த ஒருவரோடு பேச வேண்டும் போலிருந்தது. முதியோர் இல்லத்தில் உங்கள் வேலையைப் பற்றி மரியோ சொல்லியிருந்தான், அதனால்தான் உங்களுக்கு எடுத்தேன்."

இடைவேளை முடிந்துவிட்டதென்று உள்ளேயிருந்து யாரோ ஜோசப்பினைக் கூப்பிட்டார்கள். அவள் கையைக் காட்டிப் பொறுக்கச் சொல்லிவிட்டு, நிழலிலிருந்த ஒரு காரில் சாய்ந்துகொண்டாள்.

"சொல்லுங்கள்," என்றாள். "கால் இப்போது எவ்வளவு மடிகிறது?"

ரெனே சொல்லத் தொடங்கினாள்.