எவ்வளவு அழுத்துவது

ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் உள்ளங்கையில் மருதாணி வைத்துக்கொண்டிருந்தேன். கோடு திடீரென்று நின்றது. கோன் அடைத்துக்கொண்டதோ என்று ஊசியால் குத்திப் பார்த்தேன். அடைப்பு இல்லை. மறுபடி அழுத்தியபோது கோன் நழுவி அவள் பாவாடைமேல் விழுந்தது.

"என்னக்கா ஆச்சு?"

நான் கோனை விடவே இல்லை. விரல்கள் தாமாக விட்டிருந்தன.

மறுநாள் காலை, தென்னூரில் எங்கள் வீட்டில், படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. கணவர் என்னைத் தூக்கிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

நரம்பியல் டாக்டர் முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டினார். கால் துள்ளவில்லை.

"சமீபத்துல வயித்துப்போக்கு இருந்துச்சாம்மா?"

"ரெண்டு வாரம் முன்னாடி. தானா சரியாயிடுச்சுங்க."

'கில்லன்-பாரே' (ஒரு தொற்றுக்குப் பிறகு உடலின் எதிர்ப்பு சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய்) என்றார். "தசை நல்லாத்தான் இருக்கு. மூளை சொல்றது அங்க போய்ச் சேரல."

"கைகால் மட்டும்தானே டாக்டர்?"

அவர் என் கணவரைப் பார்த்தார். "மூச்சு விடுறதுக்கும் தசைதாம்மா வேணும். உடனே ஐ.சி.யூ.வுல சேத்துடலாம்."

அன்றே வென்டிலேட்டர் (செயற்கைச் சுவாசக் கருவி) வைத்தார்கள். இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதம்) ரத்தக் குழாய் வழியே ஏறியது. என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மும்தாஜ், கேக்குதா? கேட்டா கையை அமுக்கு" என்றார். இருந்த பலத்தையெல்லாம் திரட்டி அமுக்கினேன்.

"ஒன்னுமே தெரியலையே" என்று அழுதார்.

இதே நோயோடு படுத்திருப்பவர்களின் வீட்டாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பதில் வராவிட்டாலும் பேசுங்கள். உள்ளே நாங்கள் அமுக்கிக்கொண்டுதான் இருக்கிறோம்.

சில வாரங்களில் மூச்சு முதலில் திரும்பியது. தோள், பிறகு முழங்கை, கடைசியாக விரல்கள்; மாதங்கள் போக, நடக்கவும் தொடங்கினேன். பலம் வந்துவிட்டது என்று எல்லாரும் மகிழ்ந்திருந்தபோது, ஒருநாள் மகள் சபீனாவின் மணிக்கட்டைப் பிடித்துச் சாலையைக் கடந்தேன். அவள் கத்தினாள். கையை எடுத்தால் என் ஐந்து விரல்களும் சிவப்பாகப் பதிந்திருந்தன. நான் மெதுவாகத்தான் பிடித்தேன். மெதுவாக என்றுதான் நினைத்தேன்.

பிசியோதெரபி தரும் பெண் விளக்கினார். "ஒவ்வொரு நரம்பு இழையும் ஒரு கொத்துத் தசைநாரை இழுக்குதுக்கா. லேசான வேலைக்குச் சின்னக் கொத்து சிலது போதும். பாரம் கூடக்கூட மூளை இன்னும் பல கொத்தைக் கூப்பிடும். எவ்வளவு போதும்னு தோல்தான் திருப்பிச் சொல்லணும். உங்களுக்கு அந்தச் சேதி இன்னும் சரியா வரல."

பஞ்சு, தக்காளி, தண்ணீர் நிரம்பிய காகிதக் கோப்பை என்று பிடித்துப் பழகினேன். கோப்பைகள் பல நசுங்கின. சபீனா எதிரே உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம்", "போதும்மா" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். என் தோல் சொல்லாததை அவள் சொன்னாள்.

விரல் நுனிகள் இன்னும் மரத்தேதான் இருக்கின்றன. முன்பெல்லாம் நினைப்பதும் செய்வதும் எனக்கு ஒன்றாகவே இருந்தன. இப்போது இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரிகிறது. எதைத் தொட்டாலும், உள்ளே புறப்பட்ட சேதி போய்ச் சேரட்டும் என்று ஒரு கணம் காத்திருக்கிறேன். அது போய்ச் சேரும்போதெல்லாம் இன்னமும் திடுக்கிடுகிறேன்.