மாடனுக்கு நேர்ந்த பன்றியின் இருமல்

எனக்குக் கக்குவான் இருமல் வந்த வருஷம் அம்மா சுடலைமாடனுக்கு ஒரு பன்றி நேர்ந்துகொண்டாள். என் உயிரை விட்டுவிட்டு அதன் உயிரை எடுத்துக்கொள் என்பதுதான் பேச்சு. எனக்கு இருமல் நின்றது. மூன்றாம் வகுப்பும் அத்தோடு நின்றது. அதற்காக யாரும் எதையும் நேர்ந்துகொள்ளவில்லை.

எழுபதுகளின் நடுவில், கம்பம்மெட்டுக்குப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றில் கூலிக்காரர்களின் லயத்தில் இருந்தோம். பன்றிக்குட்டி கம்பத்துச் சந்தையிலிருந்து சாக்கில் மலையேறி வந்தது. லயத்துக்குப் பின்னால் கொட்டில். தவிடும் கழுநீரும் ஊற்றுவது என் வேலை. நன்றாகவே கொழுத்தது. பன்றியைப் பலி கொடுக்க வேண்டிய மாடன் கொடைக்கு மூன்று மாதம் இருக்கையில், ஒற்றைப் பன்றி சரியாகத் தின்னாது என்று பெரியப்பா துணைக்கு இன்னொரு குட்டியை வாங்கி வந்து அதே கொட்டிலில் விட்டார். அது வரும்போதே இருமிக்கொண்டு வந்தது. மலையேறிய களைப்பு என்றார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. பத்துப் பதினைந்து நாளில் எங்கள் பன்றியும் இருமியது. முதலில் எழுந்ததும் இருமும். பிறகு நின்ற இடத்திலேயே வயிறு துடிக்க மூச்சு வாங்கியது. கழுநீரைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னை விட்டுப் போன இருமல்தான் அதனிடம் போயிருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். யாரிடமும் சொல்லவில்லை. கொட்டில் பக்கம் போகும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். திரும்ப என்னிடமே வந்துவிட்டால்?

பெரியப்பா தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்துகிறவர். அடைத்த அறையில் சூடேற்றிப் பச்சைக்காயின் ஈரத்தை வாங்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பேர். பன்றியையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தார்.

"ஈரம்லா நெஞ்சுல எறங்கியிருக்கு. மூடிப் போட்டு ரெண்டு நாள் சூடு காட்டுனா எல்லாம் வத்திரும் தாயி."

"செத்துகித்துப் போயிராதே அத்தான்?" என்றாள் அம்மா.

"மூட்டை மூட்டையா காயப்போட்டவன்ட்ட கேக்கியே!"

கொட்டிலைச் சுற்றிச் சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்டார். இண்டு இடுக்கெல்லாம் சாணி அப்பினார். உள்ளே ஒரு மூலையில் கரிச்சட்டி. மறுநாள் நான் எட்டிப் பார்த்தேன். மூத்திர நெடியும் புகையும் கண்ணை எரித்தன. ஒரு சாக்கைச் சாண் அகலம் விலக்கினேன். பன்றி தள்ளாடி வந்து அந்த இடைவெளியில் மூக்கை நீட்டி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. நானும் சாக்கைப் பிடித்தபடி நின்றேன். அம்மா பார்த்துவிட்டு ஓடிவந்து முதுகில் ஓங்கி அறைந்தாள்.

"பச்சக் காத்த உள்ள விட்டு அதக் கொல்லப் பாக்கியா, மூதேவி?"

இரண்டு நாள் கழித்து, மேனேஜர் வீட்டுப் பசுவைப் பார்க்க மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் வந்தார். அம்மா கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரைக் கூட்டி வந்தாள். மலையாளத்துக்காரர். சாக்கைத் தூக்கியதும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"எந்தா இது? பன்னியோ, ஏலக்காயோ?"

பெரியப்பா சிரிக்கவில்லை.

"இதெல்லாம் பிரிச்சுப் போடு. மேல நனையாம இருந்தா போதும், காத்து வேணும். இந்த இருமல் தீனம் அந்தச் சின்னது கொண்டுவந்ததாக்கும். வாங்கின அன்னைக்கே தனியாக் கெட்டியிருக்கணும்" என்று சொல்லி ஊசி போட்டார்.

மூன்றாம் நாள் காலையில் பன்றி செத்துக் கிடந்தது. துணைக்கு வந்த குட்டி அதன்மேல் முன்னங்காலை வைத்து நின்று இருமிக்கொண்டிருந்தது.

"அழாத தாயி. சின்னது இருக்குல்லா, அத வளத்துக் குடுத்துருவோம்" என்றார் பெரியப்பா.

"நான் நேந்தது அதையா அத்தான்?" என்றாள் அம்மா. "மாடன் வேண்டாம்னுட்டாரு."

அதற்குப் பிறகு தினமும், காட்டு வேலைக்குக் கிளம்புமுன் அம்மா என் சட்டையைத் தூக்கி முதுகில் காதை வைப்பாள். குளிர்ந்த காது. எனக்கோ இருமல் திரும்பி வராததால் பயம் போயிருந்தது, கூச்சம்தான் தாங்கவில்லை. ஒருநாள் விளையாட்டுக்கு இரண்டு தடவை இருமிக் காட்டினேன்.

அன்று அம்மா வேலைக்குப் போகவில்லை. கங்காணி வாசலில் வந்து நின்று கத்தியும் எழுந்திருக்கவில்லை. என்னை இறுக்கிப் பிடித்து, காதை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு நேரமா என்று எனக்கு அலுப்பாக இருந்தது.