காட்டுக்கு வரி கேட்ட கமலேஸ்வரி

எழுபத்தேழாம் ஆண்டு ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வன்னியில் ஸ்கந்தபுரத்துக்கு வந்த கமலேஸ்வரி, பதினைந்து வருடம் கூலிக்குக் காடு வெட்டினார். பிறகு தாலிக்கொடி தவிர்ந்த நகையெல்லாம் விற்று இரண்டு ஏக்கர் காடு வாங்கினார். வெட்டாமல் வைத்திருப்பதற்கு. ஊர் ஒரு கோடை முழுவதும் இதைத்தான் கதைத்தது. காரணம் மிகச் சாதாரணம்: மேட்டுக் காட்டை வெட்டி வெளியாக்கிய இடங்களிலெல்லாம் கிணறுகள் வற்றின, இந்த இரண்டு ஏக்கருக்குக் கீழே இருந்த அவருடைய கிணறு வற்றவில்லை.

வரிக் கந்தோரில் ஏக்கர் வரி கேட்டார்கள். மூன்று முறை சைக்கிளில் போய்ச் சண்டை பிடித்து, ‘பயிர்ச்செய்கை இல்லாத காணி, வரி இல்லை’ என்று கடிதம் வாங்கினார். கணவர் பழனியாண்டி அந்த வெற்றியைக் கண்ட இடமெல்லாம் காட்டினார். அதில் ஒரு இடம் காணிக் கந்தோர். பயிர் செய்யவென்று அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி கைமாறினாலும், பயிர் செய்யாவிட்டால் அரசாங்கம் திருப்பி எடுக்கும் என்று அங்கே பயிர் வைக்க மூன்று மாதத் தவணை கொடுத்தார்கள். ஆதாரம்: அதே கடிதம்.

“அங்க ஏங்க காட்டினீங்க?”

“கேட்டாங்க.”

“யாரு கேட்டா?”

பழனியாண்டி மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

கமலேஸ்வரி மறுபடி வரிக் கந்தோருக்குப் போனார். “ஐயா, எனக்கு வரி போடுங்க.”

கிளாக்கர் முத்துலிங்கம் பேனையை வைத்தார். “வேண்டாமெண்டு போன மாசம் என்ர உயிரை எடுத்தனீங்கள், அம்மா.”

“இப்ப வேணுங்க.”

“என்ன பயிர்?”

“பாலைப்பழம்.”

“ஆர் நட்டது?”

“குருவிங்க.”

“குருவியின்ர பேரில வரி எழுதேலாது.”

“வந்து தின்னு பாத்துட்டு எழுதுங்க.”

வந்தார். ஒரு மணித்தியாலம் தின்றார். பாலைப்பழப் பால் ஒட்டிய உதடுகளோடு ‘பழத்தோட்டம்’ என்று எழுதினார்.

வரி கட்டிய பற்றுச்சீட்டோடு கமலேஸ்வரி காணிக் கந்தோருக்குப் போனதும், காணி உத்தியோகத்தர் அப்புத்துரை நேரில் வந்து பார்த்தார். “தோட்டமெண்டால் மரத்துக்கு மரம் இருபதடி விடவேணும். பாதியை வெட்டுங்கோ.”

“எந்தெந்த மரம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வெட்டுறேன்.”

அப்புத்துரை பேனையை எடுத்தார். பாலை தறிக்க வனக் கந்தோரின் அனுமதி வேண்டும் என்பதும், அனுமதியில்லாமல் தறிக்கச் சொன்னவர் யார் என்று நாளைக்குக் கேட்பார்கள் என்பதும் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. பேனையைத் திரும்பச் சட்டைப்பையில் வைத்தார். தவணையை ரத்துச் செய்து கோவையை மூடினார்.

அதன் பிறகு கமலேஸ்வரி ஒவ்வொரு வருடமும், ஒரு கத்தரிக்காய்கூடக் காய்க்காத காணிக்கு, வரிசையில் நின்று வரி கட்டினார். திரும்பி வரும்போது பழனியாண்டி மாட்டைப் பார்க்கப் போயிருப்பார்.