பெண் பார்க்க வந்த அன்று பெஞ்சுக்குப் பூசிய எண்ணெய்

மொட்டைமாடிக்குத் தேக்கு பெஞ்சு வாங்கப் போயிருந்தேன். "வருசத்துக்கு ஒருக்கா இதப் பூசுங்க அண்ணாச்சி, உப்புக் காத்துல நரைக்காது" என்று கடைக்காரர் எண்ணெயைத் தேய்த்துக் காட்டினார். பளபளத்த பலகையைப் பார்த்ததும் பல வருடங்களுக்கு முந்தைய ஒரு நாள் நினைவுக்கு வந்தது.

அன்று அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். எங்கள் வீட்டு முற்றத்தில் நரைத்துக் கிடந்த தேக்கு பெஞ்சுக்கு, மீன்பிடி வள்ளத்துக்குப் பூசும் சுறா எண்ணெயையே அப்பா தேய்த்துவிட்டார். தெருப் பூனையெல்லாம் வந்து ஏறிக்கொண்டன.

"வந்தவுக வாடைக்கே ஓடிருவாவ!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா அழுதாள்.

மாப்பிள்ளையின் அப்பா வந்தார், மோந்தார், பூனையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். "எங்க வீட்டு பெஞ்சுக்கும் இதுதான் சம்பந்தி. ஒங்க பிள்ள அங்கன வந்து மூக்கப் பொத்தாதுலா!"

சம்பந்தி என்றதும் உள்ளே அக்கா சிரித்துவிட்டாள்.

கடையில் பேசவே கூச்சப்படும் நான் இதைக் கடைக்காரரிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். மொட்டைமாடிக்கென்று வாங்கிய பெஞ்சை அக்கா வீட்டுக்கே வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டேன்.