சிவப்புப் பெயிண்டும் மூணு பந்தும்

என் இடது பக்கத்துல மூணு விலா எலும்பு இப்போ கிடையாது. கட்டியோட சேர்த்து வெட்டி எடுத்துட்டாங்க. அந்த ஓட்டையை அப்படியே விட்டா மூச்சு இழுக்கறப்போ மார் உள்ளே போயிடுமாம். அதனால ரெண்டு வலைக்கு நடுவுல எலும்பு சிமெண்ட் வெச்சு, தகடு மாதிரி செஞ்சு தைச்சு, முதுகுத் தசையைத் திருப்பிக் கொண்டுவந்து மேலே மூடினாங்க.

ஆபரேஷனுக்கு முன்னாடி சர்ஜன் இதைப் பேப்பர்ல வரைஞ்சு காட்டினார். "என்ன டாக்டர், ஒரு அளவுகூடப் போடலையே?"ன்னு கேட்டேன். சனத்நகர் ஒர்க்‌ஷாப்புல இருபத்திரண்டு வருஷமா பீஸை அளந்து பார்க்கிற இன்ஸ்பெக்‌ஷன் டேபிள்ல உட்கார்ந்தவ வேற எதைக் கேப்பா? மனுஷன் சிரிச்சுட்டு, "திறந்து பார்த்தாதாம்மா அளவு தெரியும்"னார்.

ஆபரேஷன் முடிஞ்சு ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கையில கொடுத்தாங்க. உள்ளே மூணு பந்து. குழாயில வாய் வெச்சு மூச்சை இழுத்தா பந்து மேலே ஏறணும். முதல் நாள் ஒண்ணுகூட அசையலை. வலியில உயிரே போச்சு. "நீயா நானா பாத்துடலாம், சனியனே"ன்னு திட்டித் திட்டியே இழுத்தேன். அஞ்சாவது மாசம் மூணும் ஏறி நின்னுச்சு.

வேலைக்குப் போகலாம்னு டாக்டர் எழுதிக் கொடுத்தார். போய்ப் பார்த்தா, என் ஸ்டூல் ஸ்டோர் ரூம்ல கிடக்கு. போர்மேன் சொல்றார்: "நக்கோ, வேணாம் மேடம், எதுக்கு ரிஸ்க்? இனிமே ஸ்டோர்லயே சும்மா உட்காருங்க."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எங்க ஷாப்புல ரிஜெக்ட் ஆன பீஸுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிப்போம். ஆனா அளக்காம எவனும் பிரஷைத் தொடக்கூடாது. இவர் என்னை அளக்காமலே பெயிண்ட் அடிச்சுட்டார்.

மறுநாள் டப்பா ரெண்டு கொண்டுபோனேன், அவருக்குன்னு ஒண்ணு புதுசு. எல்லார் முன்னாடியும் இழுத்தேன். மூணு பந்தும் ஏறுச்சு. "இப்போ நீங்க"ன்னேன். நாள் பூரா சிகரெட் பிடிக்கிற மனுஷன், பாவம். ரெண்டுக்கு மேல ஏறலை, இருமலே வந்துடுச்சு.

"சார், உங்களை எந்த ரூம்ல உட்கார வைக்கலாம்?"

ஷாப்பே சிரிச்சுது. ஸ்டூலை அவரே தூக்கிட்டு வந்து என் டேபிள்கிட்டப் போட்டார்.

மழை நாள்ல தையல் போட்ட இடம் இன்னும் இழுக்கும். இழுத்துட்டுப் போகட்டும். ஸ்டூல் திரும்பி வந்த அன்னிக்கு என் டேபிளுக்கு வந்த முதல் பீஸ், போர்மேன் அவசரமா அனுப்பணும்னு துடிச்சுக்கிட்டிருந்த லாட்ல ஒண்ணு. அளவு தப்பு. ரெண்டு தடவை அளந்தேன். அப்புறம்தான் பிரஷை எடுத்தேன்.